அந்த அட்டை எந்த வீட்டுக்குப் போகும்?

ஜப்பானில் தேர்தல் என்றால் வாக்காளரின் வீட்டுக்குத் தபாலில் ஓர் அட்டை வரும். என்றைக்கு, எந்தச் சாவடியில் ஓட்டு என்று அதில் இருக்கும். 2011 மார்ச் 11 சுனாமிக்குப் பிறகு, இவாத்தே மாகாணக் கடற்கரையில் அந்த அட்டையைக் கொண்டுபோய்ப் போட ஆயிரக்கணக்கான வீடுகள் இல்லை.

ஏப்ரல் 10-ல் அங்கே ஆளுநர் தேர்தல் நடக்கவேண்டியிருந்தது. சுனாமி வந்த ஒரே வாரத்தில் தேர்தலைத் தள்ளிவைக்கத் தனிச் சட்டம் நிறைவேறியது. சுனாமிக்குச் சரியாக ஆறு மாதம் கழித்து, செப்டம்பர் 11-ல் ஓட்டுப்பதிவு. பதவியில் இருந்தவரே மறுபடி வென்றார். முடிவைவிட என்னை உறுத்துவது வாக்காளர் பட்டியல்தான்.

ஓட்சுச்சி என்ற சிறு நகரத்தில் மேயரும் நாற்பது பேரளவில் நகராட்சி ஊழியர்களும் அலையில் போய்விட்டார்கள். யார் இருக்கிறார், யார் எந்த முகாமில் என்று சொல்லவேண்டியவர்களே இல்லை. மாகாணம் முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் உடல் கிடைக்கவில்லை. உடல் கிடைக்காமலேயே இறப்பைப் பதிய ஜூனில் நடைமுறையை எளிதாக்கினார்கள். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடவேண்டியது குடும்பம். மகனின் பெயரை அடிக்க எந்தத் தாய்க்குக் கை வரும்?

தற்காலிகக் குடியிருப்புகளில் இருந்தவர்களுக்காவது ஒரு முகவரி கிடைத்தது. வெளியூர் போனவர்கள் பாடுதான் திண்டாட்டம். பதிவைப் பழைய ஊரிலேயே விட்டிருந்தால், ஓட்டுச்சீட்டைத் தபாலில் கேட்டு வாங்கி, தங்கியிருக்கும் ஊரின் தேர்தல் அலுவலகத்தில் போடலாம். பிள்ளையின் பள்ளிக்காக, வேலைக்காக வேறு மாகாணத்துக்குப் பதிவை மாற்றியிருந்தால் இவாத்தே ஆளுநர் தேர்தலில் ஓட்டு கிடையாது.

இது சின்ன விஷயமல்ல. கடற்கரையில் எவ்வளவு உயரத்துக்குச் சுவர், எந்த மேட்டில் புது வீடுகள் என்பதில் மாகாண அரசின் கை பெரிது. ஓட்சுச்சிக்குப் பின்னர் திட்டமிட்ட சுவரின் உயரம் 14.5 மீட்டர். ஊருக்குத் திரும்புவதா, வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த முடிவில் பங்கில்லாமல் போனது அநியாயம்.

புதிதாக மக்களைக் கேட்காமல் மாதக்கணக்கில் ஆட்சி நீளலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஆறு மாதத்தில் கொட்டகை போட முடியும். சிதறிய ஊரைக் கூட்ட முடியாது.

பேரிடர்ச் சட்டம் எழுதுகிறவர்கள் ஒரு வரி சேர்க்கட்டும்: அலை துரத்தி ஊரைவிட்டுப் போனவருக்கு, அடுத்த ஒரு தேர்தல் வரையிலாவது பழைய ஊரின் ஓட்டு இருக்கவேண்டும்.