புற்றுநோய்ச் சிகிச்சைக் காலத்தில் மூச்சுப் பயிற்சி

மருதனார்மடச் சந்தைக்கு மரக்கறி கொண்டுவரும் ஒரு தாயார் மார்பகப் புற்றுநோய்க்கு மருந்தேற்றத் தொடங்கியிருந்தார். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பம். இன்றும் குத்தகைக் காணியிலேயே பயிர் செய்கின்றனர். இரண்டாவது முறை மருந்தேற்றியபின் அவர் வைத்தியசாலைக்குப் போவதை நிறுத்திவிட்டார். ஏனென்று கேட்டோம். "பெரிய மூச்சு எடுத்து விட்டா நோய் கரைஞ்சு போகுமெண்டு சொல்லிச்சினம் சுவாமி. ஊசிக்குப் பிறகு வாற சத்தியை என்னாலை தாங்கேலாது" என்றார்.

அவர் கேள்விப்பட்டதில் பொய்யும் உண்டு, உண்மையும் உண்டு. பொய்யை முதலில் சொல்லிவிடுகிறோம். மூச்சுப் பயிற்சி புற்றுநோயைக் கரைக்காது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர் 2018 இல் வெளியிட்ட ஆய்வில், நோய் உடலெங்கும் பரவுமுன்னரே வழமையான சிகிச்சையைத் தவிர்த்து மாற்று வைத்தியத்தை மட்டும் நாடிய 281 பேரை, சிகிச்சை பெற்ற 560 பேருடன் ஒப்பிட்டனர். முன்னையோர் இறக்கும் அபாயம் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயிலோ ஐந்து மடங்கிற்கும் மேல்.

இனி உண்மைக்கு வருவோம். பயந்தவர் நெஞ்சின் மேற்பகுதியால் கெதியாக மூச்செடுப்பார். வாய்க்காலில் தண்ணீர் போதாவிட்டால் முதற் பாத்தி மட்டும் நனைந்து கடைசிப் பாத்தி காய்வதுபோல, அந்த மூச்சு நுரையீரலின் அடிவரை நன்றாகப் போய்ச் சேர்வதில்லை. நெஞ்சறைக்கும் வயிற்றுக்கும் நடுவே பிரிமென்றகடு என்ற தசை இருக்கிறது. அது கீழிறங்கினால் வயிறு முன்தள்ளும், நுரையீரலின் அடிப்பகுதியும் விரியும். ஏணையில் உறங்கும் குழந்தையின் வயிற்றைப் பாருங்கள். இணுவில் நாதஸ்வரக்காரரும் மூச்சை அங்கிருந்தே எடுப்பார். மூச்சை வெளிவிடும்போது இதயத்துடிப்பு இயல்பாகவே சற்றுக் குறையும். அதனால் வெளிமூச்சை நீட்டினால் உடல் ஆறுதலடைகிறது, பதகளிப்புத் தணிகிறது.

2012 இல் கலிபோர்னியாவில் மருந்தேற்றப்பட்டுக்கொண்டிருந்த 16 பேருடன் நடந்த ஆய்வில், பிராணாயாமத்தைக் கூடுதலாகச் செய்தோருக்கு உபாதைகளும் கூடுதலாகக் குறைந்தன. 16 பேர் என்பது சிறு தொகை. இதை வைத்துப் பெரிதாகப் பேசிவிடக் கூடாது.

செய்முறை எளிது. பாயிலோ கதிரையிலோ சாய்ந்திருந்து ஒரு கையை நெஞ்சிலும் மறு கையை வயிற்றிலும் வையுங்கள். மனதில் நான்கு எண்ணியபடி மூக்கால் மூச்செடுங்கள். வயிற்றுக் கை உயர வேண்டும், நெஞ்சுக் கை அதிகம் அசையக் கூடாது. பின் சுடுதேநீரை ஆற ஊதுவதுபோல உதடு குவித்து, ஆறு எண்ணி மெதுவாக விடுங்கள். ஐந்து நிமிடம் போதும். காலையிலும் படுக்கப் போகுமுன்னும் செய்யலாம். ஊசி ஏற்றும்போதும் செய்யலாம். தலை சுற்றினால், விரல் விறைத்தால், மூச்சு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். நிறுத்திவிட்டுச் சாதாரணமாக மூச்செடுங்கள். மூச்சை அடக்கிப் பிடிப்பதும் துருத்திபோல வேகமாக ஊதுவதும் வேண்டாம். சில இடங்களில் இடது மார்புக்குக் கதிர்ச் சிகிச்சை கொடுக்கையில், இதயம் கதிரிலிருந்து விலகுவதற்காக மூச்சை அடக்கச் சொல்வர். அது அங்குள்ளோர் பார்த்துச் செய்விப்பது. சத்திரசிகிச்சை செய்தவர்கள் எப்போது தொடங்கலாமென வைத்தியரைக் கேட்க வேண்டும்.

மருந்தேற்றும் காலத்தில் காய்ச்சல் 100.4 பாகை பரனைட்டைத் தொட்டால் மூச்சுப் பயிற்சியோடு வீட்டில் இருக்கக் கூடாது. நடுச்சாமமானாலும் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். திடீரென மூச்சுத் திணறினாலும் அப்படியே.

போவதற்கு இன்று இடமும் அருகிலுண்டு. 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை நடந்து திரட்டிய நிதியில் எழுந்த தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை 2013 இல் திறக்கப்பட்டது. மருதனார்மடத்திலிருந்து ஐந்து கட்டைக்குள். எத்தனையோ பேர் மகரகமைக்கு அலைந்த காலத்தை நாம் அறிவோம்.

அந்தத் தாயாரிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டோம்: சத்தியின் கொடுமையை வைத்தியரிடமே சொல்லுங்கள். சொன்னார். சத்திக்குரிய குளிசையை மாற்றிக் கொடுத்தார்கள். இப்போது தெல்லிப்பழை பஸ்ஸில் வயிற்றில் கை வைத்து எண்ணிக்கொண்டே போகிறாராம். ஊசி நாட்களில் அவருடைய மரக்கறியைப் பக்கத்துக் கடைக்காரி விற்றுக் கொடுக்கிறார்.