சொட்டுப் பெற்றோலும் மண்ணெண்ணெய் வண்டியும்

வல்வெட்டித்துறை என்றதும் பாய்க்கப்பல்களே பலருக்கு நினைவில் எழும். இங்குக் கட்டப்பெற்ற ‘அன்னபூரணி’ 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்த வரலாறு இவ்வூர்ப் பிள்ளைகள் அறிந்ததே. நாம் இன்று கூறப் புகுவதோ அத்துணைப் பெருமை வாய்ந்த பொருளன்று. இவ்வூர் வீதிகளில் ஓடும் மோட்டார் சைக்கிளின் வயிற்றுக் கோளாறு பற்றியதாகும். எனினும், நள்ளிரவில் நோயாளி ஒருவரை மந்திகை ஆசுபத்திரிக்குக் கொண்டு செல்ல வண்டியை உதைத்து, அது உயிர் பெறாது நின்ற வேளையை அனுபவித்தவர்கள் இதனைச் சிறிய பொருளென்று கூறமாட்டார்கள்.

1990ஆம் ஆண்டு ஆனி மாதத்திலே போர் மீண்டும் மூண்டபின், பொருளாதாரத் தடையினால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. கிடைத்த சிறிதளவும் யானை விலை விற்றது. அக்காலத்தில் ஹொண்டா எம்.டி. 90 முதலிய வண்டிகளை நம் மக்கள் மண்ணெண்ணெயில் ஓட்டினர். ஒரு சிறு போத்தலிலே பெற்றோலை மருந்துபோல் பேணி வைத்து, சில சொட்டுக்களைக் காபரேற்றரின் காற்று வாயிலிற் செலுத்தி உதைப்பர். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய் அதனைத் தாங்கிக்கொள்ளும். வெண்புகை வீதியை மூடும்.

இதன் காரணம் யாது? காற்று ஒடுங்கிய குழாயினூடே விரையும்பொழுது அங்கு அமுக்கம் குறைகின்றது. அக்குறைவே கீழுள்ள கிண்ணத்திலிருந்து எரிபொருளைப் பித்தளை ஜெற்றின் நுண்துளை வழியாக இழுத்துத் தூவுகின்றது. பெற்றோல் குளிர்ந்த நிலையிலும் ஆவியாகும். மண்ணெண்ணெயோ ஏறத்தாழ 150 பாகை செல்சியசுக்கு மேலேதான் கொதிக்கத் தொடங்கும். ஆதலின் குளிர்ந்த எஞ்சினுள் அது நீர்த்துளிபோல் நின்றுவிடும். இன்றும் இக்கடற்கரையில் மண்ணெண்ணெயில் இயங்கும் வெளியிணைப்பு எஞ்சின்கள் பெற்றோலைக் கொண்டே முடுக்கப்படுகின்றன. ஆனால் அவை அதற்கெனவே, குறைந்த அமுக்க விகிதத்துடன் ஆக்கப்பட்டவை. மோட்டார் சைக்கிள் அப்படியன்று. மண்ணெண்ணெயால் எஞ்சின் தட்டும். பிளக்கிற் கரி படியும். எரியாத எண்ணெய் வழிந்து மசகெண்ணெயை மெலியச் செய்ய, பிஸ்ரன் வளையங்கள் தேயும். அக்காலத்தார் இதனை அறியாமற் செய்தாரல்லர். வேறு வழியிருக்கவில்லை.

2022இல் நாடெங்கும் பெற்றோல் வரிசை நீண்டது. அவ்வாண்டு ஆடியில் கியூ.ஆர். அட்டை முறை வந்தபொழுது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்திற்கு 4 லீற்றரே கிடைத்தது. ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியமையால், பழைய உபாயமும் கடற்றொழிலும் ஒருங்கே அடிபட்டன.

இனி, வண்டி நின்றுவிட்டால் எங்கே நோக்குவது? நம்மவரிற் பலர் எடுத்தவுடன் காபரேற்றரைக் கழற்றிவிடுகின்றனர். இது தலைவலிக்கு வயிற்றைக் கீறுவது போன்றதாகும். முதலில் தாங்கியின் மூடியைத் திறந்து பார்க்கவேண்டும். சில நிமிடங்கள் ஓடி நின்று, மூடியைத் திறந்ததும் மீண்டும் ஓடுமாயின், மூடியிலுள்ள காற்றுத் துளை அடைபட்டிருக்கிறதென்க. கடற்கரை மணலும் உப்பும் அதனை எளிதில் அடைத்துவிடும். அடுத்து, கிண்ணத்தின் அடித்திருகைத் தளர்த்தி, வடிவதை ஒரு கண்ணாடிப் போத்தலில் ஏந்துக. ஒன்றும் வடியாவிடில் குற்றம் மேலே, குழாயிலோ வடியிலோ உள்ளது. அடியில் நீர் தனியே தங்கினால் தாங்கியைக் கழுவவேண்டும். கிண்ணம் நிரம்பி வெளியே வழிந்தால் மிதவை ஊசியில் தூசி சிக்கியிருக்கும். அருகிற் குப்பி விளக்கோ பீடியோ இருத்தலாகாது.

பிளக்கும் பேசும். கரிய புகைப்படிவு எரிபொருள் மிகுதியையும், வெளிறிய நிறம் அதன் குறைவையும் அல்லது உறிஞ்சு குழாய் இறப்பரில் வெடிப்பையும் காட்டும்.

ஜெற்றின் துளையை இரும்புக் கம்பியாற் குத்துவோர் இன்றும் உளர். பித்தளை மெதுவானது, துளை மயிரளவு விரிந்தாலும் வண்டி அன்று முதல் எண்ணெய் குடிக்கும். மெல்லிய தங்கூசித் துண்டொன்று போதும். அது இவ்வூரில் எந்த வீட்டில்தான் இல்லை? ஊதித் தூய்மையாக்குதல் அதனினும் நன்று.

வெளிநாட்டிலிருந்து சித்திரைப் பூரணை இந்திரவிழாவுக்கு வருவோர், ஓராண்டாக நின்ற வண்டியை உதைத்துச் சலிப்பதுண்டு. பெற்றோல் ஆவியாகிப் போக, எஞ்சிய பிசின் ஜெற்றை அடைத்திருக்கும். புறப்படுமுன் பெற்றோல் திறப்பை மூடி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, கிண்ணத்தில் எஞ்சியதையும் வடித்துவிடின், அடுத்த திருவிழாவுக்கு வண்டி இரண்டாம் உதையிலே எழும்.