ஆணி இல்லாத சர்ச்சும் கம்பி கட்டிய பானையும்

ஸ்லோவாக்கியா என்றதும் நம்மில் பலருக்குப் பழைய செக்கோஸ்லோவாக்கியாதான் ஞாபகம் வரும். 1993 ஜனவரி 1-ல் அது இரண்டு நாடுகளாகப் பிரிந்தது. அதில் கிழக்குப் பகுதிதான் ஸ்லோவாக்கியா. கடலே கிடையாது, திரும்பின பக்கமெல்லாம் மலை. வடக்கே உயர் தாத்ரா மலைகள். அங்குள்ள கெர்லாக் சிகரம் சுமார் 2,655 மீட்டர். கார்பாத்திய மலைத்தொடர் முழுவதற்கும் அதுதான் உச்சி.

பார்க்க அழகுதான். ஆனால் அழகு சோறு போடுமா? சரிவு நிலம், நீண்ட குளிர்காலம், கொஞ்சமே விளைச்சல். அந்த மலை மக்களிடம் இருந்தது காட்டு மரமும் ஆட்டு மந்தையும்தான். இந்த இல்லாமையில் பிறந்த மூன்று கைவேலைகளை நம் டிப்ளமோ கண்ணோடு பார்ப்போமா?

முதலாவது, மர சர்ச். அந்தப் பகுதி ஹங்கேரி ராஜ்யத்தில் இருந்த காலம். 1681-ல் ஷோப்ரோன் நகரில் கூடிய சபை, புராட்டஸ்டண்ட் மக்கள் சர்ச் கட்டிக்கொள்ள அனுமதித்தது. சும்மா இல்லை; ஊருக்கு வெளியே கட்டணும், மரத்தால்தான் கட்டணும் என்று ஏகப்பட்ட நிபந்தனைகள்! தச்சர்கள் அசரவில்லை. கெஷ்மரோக்கில் 1717-லும், ஹ்ரோன்செக்கில் 1726-லும் இரும்பு ஆணியே இல்லாமல் எழுப்பிவிட்டார்கள். கார்ப்பென்டரி ஷாப்பில் நாம் போடும் ஜாயிண்ட் மாதிரி, மரத்துக்கு மரமே பூட்டு! 2008-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக அறிவித்த எட்டு மர சர்ச்சுகளில் இவையும் உண்டு.

இரண்டாவது, ஃபுயாரா. ஆடு மேய்ப்பவர்களின் ராட்சதப் புல்லாங்குழல். ஆள் உயரம் இருக்கும். ஆனால் துளைகள் மூன்றே மூன்று! எப்படிப் பாட்டு வருகிறது? மூச்சின் வேகத்தைக் கூட்டினால் குழாய்க்குள் காற்றுத்தம்பம் இரண்டாக, மூன்றாகப் பிரிந்து அதிரும், ஸ்வரம் தாவும். பிசிக்ஸில் படித்த ஹார்மானிக்ஸ்தான், வேறொன்றுமில்லை.

மூன்றாவதுதான் என் மனதைத் தொட்டது. 18-ஆம் நூற்றாண்டில் 'ட்ரோட்டார்' என்ற கம்பித் தொழிலாளிகள் தோன்றினார்கள். விரிசல் விட்ட மண்பானையைச் சுற்றிக் கம்பியை வலை மாதிரிப் பின்னி இறுக்குவார்கள். வெல்டிங் இல்லை, சால்டரிங் இல்லை; வளைப்பதும் முறுக்குவதும்தான். ஊரில் பிழைப்பு இல்லாததால் சின்னப் பையன்கள்கூட எடுபிடியாகக் கூடவே நாடு நாடாக நடந்தார்கள். வீட்டுக்கு வீடு கதவைத் தட்டி, 'பானை இருக்கா, அடைக்கணுமா?' என்று கேட்டுப் பிழைத்த தொழில் அது. அதே கம்பி வேலையை 2019-ல் யுனெஸ்கோ தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. ஜிலினா நகரத்துப் புடாட்டீன் கோட்டையில் அதற்கென்றே மியூசியம் இருக்கிறது.

'டிப்ளமோதானே' என்று நம்மைப் பார்த்து உதட்டைப் பிதுக்குபவர்கள் உண்டு. நாமும் ஒர்க்ஷாப் பீரியடை அட்டெண்டன்ஸுக்காக மட்டும் ஓட்டிவிடுகிறோம். பொருள் இல்லை, காசு இல்லை, அனுமதியும் அரைகுறை. அப்போதும் கை கற்ற வேலை கைவிடவில்லை என்பதுதான் அந்த மலைகள் சொல்லும் பாடம். இனி ஃபைலைக் கையில் எடுக்கும்போது கொஞ்சம் மரியாதையோடு எடுப்போம், நண்பர்களே!