காது கேளாத காவலன்

நாய்க்குக் காது கேட்காது என்று யாராவது சொன்னால் நமக்குச் சிரிப்புத்தான் வரும். நடுநிசியில் வாசலருகே ஓர் அடியோசை கேட்டாலும் துள்ளி எழும் பிராணியல்லவா அது? ஆயினும் பிறவியிலேயே செவிப்புலன் இல்லாத நாய்களும் உண்டு. நமது இராஜபாளையம் நாய்களிலேயே அத்தகையவை பிறக்கின்றன.

வேட்டைக்கும் காவலுக்கும் பெயர்போன ஜாதி இது. 2005-ஆம் வருஷத்தில் இந்தியத் தபால் இலாகா இதன் உருவத்தைத் தபால் தலையில் பொறித்துக் கௌரவித்தது. பால் போன்ற வெண்மையும் இளஞ்சிவப்பு மூக்குமே இதற்கு அழகு. அந்த அழகிலேதான் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. தோலுக்கு நிறம் கொடுக்கும் உயிரணுக்கள் உட்செவியிலும் இருந்து அதன் வேலைக்குத் துணை செய்கின்றன. வெண்மையை உண்டாக்கும் பரம்பரைக் குணத்தால் அவை அங்கே இல்லாது போனால், ஒலியை வாங்கும் நுண்ணிய அணுக்கள் குட்டி பிறந்த சில வாரங்களுக்குள் மடிந்துவிடுகின்றன. பிறகு எந்த மருந்தாலும் பயனில்லை. டால்மேஷியன் என்னும் புள்ளி நாய்களுக்கும் இக்குறை நேர்வதுண்டு.

விஷயம் தெரியாதவர்கள், கூப்பிட்டால் வராத முட்டாள் நாய் என்று முடிவு கட்டி அதைத் தெருவில் விட்டுவிடுகிறார்கள். மோட்டார் வண்டியின் ஓசை கேளாத ஜீவனுக்கு நமது வீதிகளில் எத்தனை நாள் ஆயுள்? வளர்த்த பிராணியைப் பசியாலும் தாகத்தாலும் வாடும்படி கைவிடுவது 1960-ஆம் வருஷத்துப் பிராணி வதைத் தடைச் சட்டப்படி குற்றம் என்பதையும் அவர்கள் நினைப்பதில்லை.

கரும்பலகை கண்ணுக்குத் தெரியாத பையனை மந்தபுத்தியுள்ளவன் என்று பலர் எண்ணிவிடுவதை ஆசிரியர்களாகிய நாங்கள் அறிவோம். மூக்குக் கண்ணாடி போட்டதும் அவன் கணக்குச் சரியாகிவிடும். இந்த நாயின் சமாசாரமும் அதுவே. குறை புத்தியில் இல்லை. செய்தி போய்ச் சேரும் வழியில் இருக்கிறது.

தெருவில் விடப்பட்ட இத்தகைய வெள்ளை நாய் ஒன்றை எனக்குத் தெரிந்த குடும்பத்தார் எடுத்து வளர்க்கின்றனர். முதல் வாரத்தில், தூங்கிக்கொண்டிருந்த அதை வீட்டுப் பையன் பின்புறமாக வந்து தடவினான். அது திடுக்கிட்டு அவன் கையைக் கவ்விவிட்டது. நல்ல வேளை, பல் பதியவில்லை. "இன்றைக்கே கொண்டுபோய் விட்டுவிடுங்கள்" என்றார் பாட்டியார். ஆனால் அது கோபமன்று, பயம். கேளாத நாய்க்குத் தூக்கத்தில் எந்த முன்னறிவிப்பும் கிடைப்பதில்லை. ஆகவே முதலில் அதன் மூக்கருகே கையை நீட்டி, வாசனையால் விழிக்கச் செய்யவேண்டும். அல்லது எப்போதும் ஒரே இடத்தில், தோளில், மெதுவாகத் தொடவேண்டும். விழித்தவுடன் தின்ன ஏதேனும் கொடுக்கவேண்டும். சில வாரங்களில், தொடுகை என்றாலே நல்லது வருகிறது என்று அது கற்றுக்கொள்ளும். இப்போது அந்தப் பாட்டியாரே தம் கையால் அதை எழுப்பிச் சோறு போடுகிறார்.

புதிதாக வந்த நாயை முதல் சில தினங்கள் ஒரே அறையில் அமைதியாக இருக்க விடுங்கள். படுக்கையும் தண்ணீர்க் கிண்ணமும் இடம் மாறக்கூடாது. வீட்டார் ஒவ்வொருவராக, முன்புறமாக வந்து அறிமுகமாகட்டும். வெளியே கிளம்பும்போது அதைத் தொட்டுத் தெரிவித்துவிட்டுப் போங்கள். விழித்துப் பார்த்து வீடு காலியாயிருந்தால் அது கலங்கிப்போகும்.

அடுத்தது கைப்பாஷை. விரித்த உள்ளங்கை "நில்", மேலே தூக்கிய கை "உட்கார்", நிமிர்த்திய கட்டைவிரல் "பேஷ்!" எந்த ஜாடையாயினும் சரி, வீட்டில் எல்லோரும் ஒன்றையே காட்டவேண்டும். அப்பா ஒன்று, பிள்ளை ஒன்று என்றால் பாவம், அது யார் சொற்படி நடக்கும்? இருட்டில் விளக்கை ஒரு தரம் அணைத்து ஏற்றினால் அதுவே அழைப்பு. நம் முகத்தை அடிக்கடி திரும்பிப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் பரிசளித்தால், அது நம்மையே கவனித்துக்கொண்டிருக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுத்தல் ஆகாது. வாசற் கதவு சாத்தியிருக்கவேண்டும். வெளியே சென்றால் கழுத்து வார் நம் கையில் இருக்கவேண்டும். "எனக்குக் காது கேளாது" என்ற தகட்டையும், வீட்டுத் தொலைபேசி எண்ணையும் கழுத்தில் கட்டிவிடுவது நலம். பரம்பரைக் குறையாதலால் இதைக் கொண்டு குட்டி போடவிடாமல் கருத்தடை செய்துவிடவேண்டும்.

இந்த நாய்க்கு ஒரு பாக்கியமும் உண்டு. தீபாவளி வெடிச் சத்தத்தில் ஊர் நாய்களெல்லாம் கட்டிலடியில் நடுங்கும்போது, இது கால் நீட்டிச் சுகமாக உறங்கும்!

நமது குழந்தைகளுக்கும் இதனால் லாபமே. சொல்லிப் புரியாதவரை அதட்டாமல், புரியும் வழியைத் தேடிச் சொல்லவேண்டும் என்ற பாடத்தை எந்தப் புத்தகத்தையும்விட இந்த வெள்ளை நாய் அவர்களுக்கு நன்றாகக் கற்பித்துவிடும்.