உயில் அபசகுனமா?

"உயில்" என்று வாயெடுத்தாலே, "வெள்ளிக்கிழமையும் அதுவுமாக என்ன பேச்சு இது!" என்று அடக்கிவிடுகிறோம். ஆனால் சகோதரிகளே, உயில் எழுதாமல் கணவர் கண்ணை மூடினால் வீடு முழுவதும் மனைவிக்கே வந்துவிடாது. 1956-ஆம் வருஷத்து ஹிந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அவருடைய சுயார்ஜிதச் சொத்தில் மனைவி, மக்கள், தாயார் ஒவ்வொருவருக்கும் சம பங்கு. இரண்டு குழந்தைகளும் மாமியாரும் இருந்தால், உங்களுக்குக் கால் பங்குதான்! பாங்கில் நீங்கள் 'நாமினி'யாக இருந்தாலும், பணத்தைப் பெற்றுக்கொள்ளலாமே தவிர, மற்ற வாரிசுகளின் பங்கு போய்விடாது.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம். பதிவு செய்வது நல்லது, கட்டாயமில்லை. எழுதுபவர் கையெழுத்திட, இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும். மனம் மாறினால் மாற்றியும் எழுதலாம். உங்கள் பெயரில் வீடோ நகையோ இருந்தால் நீங்களும் எழுதிவையுங்கள். குடை வாங்கியதாலேயா மழை வருகிறது?