ஆராய்ச்சியை ஒரே தாளில் விளக்கும் முறை

1914ஆம் ஆண்டு ஜனவரியில் கல்கத்தாவில் இந்திய விஞ்ஞான காங்கிரஸ் முதன்முறையாகக் கூடியபோது 105 விஞ்ஞானிகள் வந்திருந்தனர். அளிக்கப்பட்ட கட்டுரைகள் 35. பிற்காலத்தில் ஆராய்ச்சியாளரின் தொகை பெருகவே, அனைவருக்கும் மேடையளித்தல் எந்த மகாநாட்டிலும் இயலாததாயிற்று. இக்குறையை நீக்க வந்ததே போஸ்டர் என வழங்கும் விளக்கத்தாள். ஐரோப்பாவில் 1960களின் இறுதியிலும், அமெரிக்காவில் 1970களிலும் இம்முறை பரவலாயிற்று. இதில் ஆராய்ச்சியாளர் தம் தாளின் அருகே நிற்பார். விரும்புவோர் வந்து கண்டு, வினவிச் செல்வர்.

இம்முறை பெரிய விஞ்ஞானிகளுக்கு மட்டும் உரியதன்று. 1993 முதல் நடைபெறும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில், 10 முதல் 17 வயது வரையுள்ள சிறுவர் தம் ஊரின் பிரச்சினைகளை ஆராய்ந்து விளக்குகின்றனர். ஆகவே, ஆசிரியரும் களப் பணியாளரும் இக்கலையை அறிந்திருத்தல் நலம்.

விளக்கத்திற்கு ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். மாதேஸ்வரன் மலைப்பகுதியில், தமிழ்நாட்டின் எல்லையை ஒட்டிப் பாலாறு என்னும் ஊர் உள்ளது. அங்கே அப்பெயருடைய ஆறு காவிரியுடன் சேர்கிறது. வேலூர் வழியே ஓடும் பாலாறு வேறு, இது வேறு. 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் முழு மட்டம் 120 அடி. அணை நிரம்பும்போது கரையோரக் கிணறுகளின் நீர் உயருமா என்பதைக் களப் பணியாளர் ஒருவர் ஈராண்டு அளந்து வந்தார் எனக் கொள்வோம்.

அவர் தம் தாளுக்கு, "பாலாற்றுக் கிணறுகள் பற்றிய ஓர் ஆய்வு" எனத் தலைப்பிட்டால் எவரும் நின்று பாரார். கண்ட முடிவு அதில் இல்லை. "அணை நிரம்பினால் கரையோரக் கிணறு உயர்கிறது, மேட்டுக் கிணறு உயர்வதில்லை" என்று அளவுகள் காட்டுமாயின், அதுவே தலைப்பாதல் வேண்டும். தலைப்பு பத்தடி தூரத்திலிருந்து தெரியவேண்டுமாதலால், அதன் எழுத்து ஓர் அங்குல உயரத்திற்குக் குறையலாகாது. மற்ற எழுத்துக்களுக்குக் கால் அங்குலம் போதும்.

அடுத்து, வினா, அளந்த முறை, கண்டது, அதன் பயன் என நான்கு பகுதிகள் அமையட்டும். ஈராண்டு அளவுகளை அட்டவணையாக அடுக்குதல் கூடாது. அணையின் மட்டத்தையும் கிணற்றின் மட்டத்தையும் ஒரே வரைபடத்தில் இரு கோடுகளாக வரைந்தால், அவை சேர்ந்து உயர்வதைக் கண் நொடியில் காணும். சிவப்பையும் பச்சையையும் வேறுபடுத்த இயலாதோர் சிலர் உண்டு. ஆதலால் ஒரு கோட்டைப் புள்ளிக்கோடாக இடுக. தாளில் மூன்றிலொரு பங்கேனும் வெற்றிடமாக இருக்கட்டும்.

அளந்த கிணறுகள் எத்தனை, எம்மாதங்களில் அளக்க இயலவில்லை என்பவற்றை மறைத்தல் தகாது. மழையாலும் கிணறு உயருமன்றோ? அம்மாதங்களின் மழையளவும் வரைபடத்தில் இடம்பெறல் வேண்டும். இன்றேல் முதல் வினாவிலேயே முடிவு ஆட்டங்காணும்.

தாள் முடிந்தபின் அதைப் பள்ளித் தாழ்வாரத்தில் தொங்கவிட்டு, இவ்வேலையை அறியாத ஒருவரை ஒரு நிமிடம் பார்க்கச் செய்து, "என்ன அறிந்தீர்?" என வினவுக. அவர் கூறுவது தலைப்போடு பொருந்தாவிடின், திருத்த வேண்டியது தாளையே. பின்பு, இரண்டு நிமிடத்தில் வாய்மொழியாக விளக்கப் பழகுதல் வேண்டும்.

2016 ஜனவரி 3 முதல் 7 வரை 103ஆவது விஞ்ஞான காங்கிரஸ் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் கூடியது. அத்தகைய மகாநாடு சில நாட்களில் கலைந்துவிடும். கிணறோ ஊரிலேயே இருக்கும். கயிறும் வாளியும் கொடுத்துதவிய மக்களுக்கு அம்முடிவு எட்டாவிடின் அளந்த பயன் பாதியே. தாளைத் திரும்பக் கொணர்ந்து, அவ்வூரார் அறிந்த மொழியில் எழுதிப் பள்ளிச் சுவரில் மாட்டுக. கிணற்றுக்கு உரியவர் அதைக் கண்டு, "ஆம், எங்கள் கிணறு அப்படித்தான்" என்றோ, "இல்லை, சென்ற கோடையில் அப்படியன்று" என்றோ கூறுவாராயின், அத்தாள் தன் கடமையைச் செய்ததாகும்.