வீட்டில் முட்டை ஃப்ரைட் ரைஸ்

எங்கள் ஜீவனஹள்ளி வீட்டில் பேரப்பிள்ளைகளுக்கு முட்டை ஃப்ரைட் ரைஸ் என்றால் உயிர். சூடான சாதம் குழைந்துவிடும். ஆறிய சாதமே இதற்கு ஏற்றது. ஆனால் இரவெல்லாம் வெளியே கிடந்த சாதம் ஆகாது. 'பேசில்லஸ் சீரியஸ்' என்னும் கிருமியின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. வெளியே கிடக்கும் சாதத்தில் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். வாந்தி வரவழைக்கும் அந்த நஞ்சு, வறுத்தாலும் அழியாது. 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் சீன உணவகங்களில் ஃப்ரைட் ரைஸ் உண்ட பலர் இப்படித்தான் நோயுற்றனர்.

எனவே சாதத்தை உதிராக வடித்து, தட்டில் பரப்பி ஆறவைத்து, 1 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் வாணலியை நன்கு காயவைத்து, 2 முட்டைகளைப் பொரித்துத் தனியே எடுத்து வையுங்கள். வெங்காயம், கோஸ் வதக்கி, சாதம், சோயா சாஸ், மிளகுத்தூள் சேர்த்து, ஆவி பறக்கும்வரை பெருந்தீயில் புரட்டி, முட்டையைக் கலந்து உடனே பரிமாறுங்கள்.